மேல் வகுப்பில் விரிவாகப் படிப்பாய்

ஏழாம் வகுப்பு மாணவி முத்துகௌசல்யா மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். தேர்ச்சி பெற்றுப் போகவில்லை. நடந்து போய்விட்டாள். அவளைக் கூட்டிவர வேண்டியவன் நான்தான் என்று செவ்வாய்க்கிழமை காலையில் இணை இயக்குநர் ரெஜினா சொன்னார்.

"ஏன் மேடம், நான்?" என்று கேட்டேன்.

"வாக்கியம் உங்களோடதுதானே" என்றார்.

அது உண்மைதான். பாடத்திட்டக் குழுவின் அறிவியல் பிரிவில் எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பொறுப்பு. 'இதைப் பற்றி மேல் வகுப்பில் விரிவாகப் படிப்பாய்.' பாடங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். பாடம் எங்கே நொண்டுகிறதோ அங்கே என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் அந்த வாக்கியத்தை ஓர் இளம்பச்சைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வருவேன். பெட்டியின் ஓரத்தில் எரிகிற பல்பு ஒன்றை வரைவார்கள். குழுவில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. என் வாக்கியம் இல்லாவிட்டால் பாடம் முடிந்த மாதிரியே இருக்காது என்று பேராசிரியர் நல்லசிவன் ஒருமுறை மேடையிலேயே சொல்லியிருக்கிறார்.

"இதுவரைக்கும் யாரும் அதை நம்பிப் போனதில்லையே மேடம்."

"இவ போயிட்டா. வெள்ளிக்கிழமை பார்வையாளர்கள் வராங்க. ஏழாம் வகுப்புல அறிவியல் கற்றல் அர்த்தமுள்ளதா இருக்கான்னு பாக்கப் போறாங்க. முன் பெஞ்சுல ஒரு இடம் காலியா இருந்தா அர்த்தம் குறையும்."

ரெஜினா மேடம் நல்ல மனுஷி. ஆனால் அவர் பேசப் பேச அவருடைய மேசை நீண்டுகொண்டே போகும். பேச்சு முடிந்தபோது அவர் தொலைவில் சின்னதாகத் தெரிந்தார். போய் வாருங்கள் என்று கையை ஆட்டினார். நான் கிளம்பினேன்.

அலுவலகத்தின் பின்கதவைத் திறந்தால் பள்ளிக்கூடம் இருந்தது. போன வாரம்வரை அங்கே நாங்கள் பைக் நிறுத்திக்கொண்டிருந்தோம்.

ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் எபனேசர் வாசலிலேயே நின்றிருந்தார். இளைஞர். கையில் சுண்ணாம்புக்கட்டி இருந்தது. அதைக் கொஞ்சம் கடித்திருந்தார்.

"தண்ணீருக்கு நிறமில்லைன்னு நடத்திக்கிட்டிருந்தேன் சார். இந்தப் பிள்ளை எந்திரிச்சிட்டு. அப்படின்னா பாவாடையில தண்ணி பட்ட எடம் மட்டும் ஏன் சார் கறுப்பாகுதுன்னு கேட்டுட்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"புத்தகத்தைப் பாத்தேன். உங்க பெட்டி இருந்துது. வாசிச்சேன்."

"அப்புறம்?"

"சரி சார், போயிட்டு வாரேன்னு பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டு."

அவர் தன் கைக்குட்டையை எடுத்து மேசையில் விரித்தார். தண்ணீர் பாட்டிலில் விரலை முக்கி ஒரு சொட்டு விட்டார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். சொட்டு விழுந்த இடம் கறுத்தது. நிறமில்லாத தண்ணீர், வெளிர்நீலத் துணி, நடுவில் எங்கிருந்தோ ஒரு கறுப்பு. இதை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். மழையில், குளியலறையில், துணி காய்கிற கொடியில். பார்த்துப் பார்த்துப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

"ஏன் சார் அப்படி?" என்று எபனேசர் தணிந்த குரலில் கேட்டார்.

நான் தொண்டையைச் செருமினேன். அவர் புரிந்துகொண்டு கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஏதோ தப்பான படம் பார்த்த மாதிரி இருந்தது.

மாடிப்படியின் கீழே முத்துகௌசல்யாவின் அம்மா நின்றிருந்தார். பெயர் ஆவுடைச்செல்வி. பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மகளின் புகைப்படத்தை நகல் எடுத்து எனக்கு ஒன்று கொடுத்தார். தாள் இன்னும் சூடாக இருந்தது. ரெட்டைச் சடை, நெற்றியில் திருநீறு, எதையோ கேட்க வாயெடுத்த முகம்.

"இதே மாதிரி ஒண்ணு என் கையிலயும் இருக்கு சார். மேல ஒவ்வொரு வகுப்பா ஏற ஏற அவளுக்கு வயசு கூடுது. படத்துலயே தெரியுது. சீக்கிரம் கூட்டிட்டு வந்துருங்க."

"எப்படிக் கூப்பிட்டா வருவா?"

"பதில் சொன்னா வந்துருவா."

நான் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தேன்.

"இல்லைன்னா தெரியாதுன்னு சொல்லுங்க சார். அதுக்கும் வந்துருவா. வீட்ல நான் அப்படித்தான் சமாளிக்கேன். எனக்குத் தெரியாதுட்டி, சோறு ஆறுதுன்னு சொன்னா வந்து உக்காந்துருவா. யாராச்சும் ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னாப் போதும் சார். மேல போன பிள்ள தானா எறங்கிரும்."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஒரே ஒரு சொல். கவலைப்படாதீர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு உங்கள் மகள் வீட்டில் இருப்பாள் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பு நீளவாக்கில் இருந்தது. கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் இடையில் டவுன்பஸ் ஓடியது. நான் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் இல்லை. பக்கத்து இருக்கையில் ஒரு சிறுமி பூதக்கண்ணாடியை இலை ஒன்றின்மேல் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கோ பார்த்த முகம். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் புதிய பாடப்புத்தகங்களின் அட்டையில் இருப்பவள் அவள்தான். கற்றலில் மகிழ்ச்சி தெரிய வேண்டும் என்று குழு மூன்று கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்த சிரிப்பு.

"முத்துகௌசல்யா இந்தப் பக்கம் வந்தாளா?"

"வந்தா சார். மிஸ்கிட்ட கேட்டா. அது ஒம்பதாவதுல வரும்னு மிஸ் சொன்னாங்க."

"அதைக் கேட்டுட்டு அவ என்ன சொன்னா?"

"தேங்க்ஸ் மிஸ்னு சொன்னா."

கொஞ்ச நேரம் பஸ் ஓடியது. சும்மா இருக்க முடியாமல், "கண்ணாடி வழியா என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"நான் பாக்கறதில்ல சார். பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

வாங்கிப் பார்த்தேன். வட்டத்தில் கண்ணாடியே இல்லை, வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. அவள் சிரித்தபடியே கையை நீட்டினாள். "குடுத்துருங்க சார். கையில இல்லைன்னா வாய் வலிக்கும்." கொடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன்.

இறங்கியதும் பேராசிரியர் நல்லசிவனுக்குப் போன் செய்தேன். பதிலைக் கையோடு கொண்டுபோனால் மரியாதையாக இருக்குமே என்ற ஆசை. கேள்வியைச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் மூச்சுச் சத்தம் கேட்டது.

"தண்ணி வேதியியல்" என்றார் கடைசியில். "நிறம் இயற்பியல். பாவாடை மனையியல். எதுல சேக்குறதுன்னு முதல்ல முடிவு பண்ணணும்."

"பதில் என்ன சார்?"

"அவசரப்படாதீங்க. துணைக்குழு போடுவோம்."

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

லைன் கட்டாகவில்லை. அவர் அங்கேயே இருந்தார். ஆனால் அதற்குமேல் பேசவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். வெட்கமாகிவிட்டது. நானே வைத்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றிருந்தார். திரும்பவே இல்லை. "பத்து" என்றார். நான் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

படிக்கட்டில் ஏறும்போது ஆவுடைச்செல்வியின் போன் வந்தது.

"சார், படத்துல தாவணி போட்ட மாதிரி இருக்கா. ஒம்பதாவது தாண்டிட்டாளா?"

"தாண்டிட்டாம்மா. நான் பின்னாடியேதான் போறேன்."

அப்புறம் அழுகிற குரல் கேட்டது. "பெரிய மனுஷி ஆயிருப்பா சார். தலைக்குத் தண்ணி ஊத்த நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனே. யாரு ஊத்துனாங்களோ. பயந்திருப்பா சார். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்க."

அதையும் மேல் வகுப்பில்தான் வைத்திருந்தோம். பத்தாம் வகுப்பு, இனப்பெருக்க மண்டலம், எங்கள் பெட்டியோடு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. கூட்டிவந்துவிடுவேன் என்று மறுபடியும் சொன்னேன். கையிலிருந்த தாளைப் பார்த்தேன். ரெட்டைச் சடை ஒற்றைச் சடையாகியிருந்தது. வாய் இன்னும் கேட்கிற மாதிரியேதான் இருந்தது.

அப்போதுதான் என் சட்டையைக் கவனித்தேன். அக்குளில் வேர்வை ஊறி இரண்டு கறுப்பு வட்டங்கள். வெளிர்நீலச் சட்டை. கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஏறினேன். அப்படி ஏறினால் இன்னும் வேர்க்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. யாரும் தலை நிமிரவில்லை. பல வருடங்களாக நிமிரவில்லை என்பது கழுத்துகளைப் பார்த்தாலே தெரிந்தது. சில மாணவர்களின் தலையில் புறா கூடு கட்டியிருந்தது. மேற்பார்வை ஆசிரியை என் காதருகே வந்து கிசுகிசுத்தார்.

"ஒரு மார்க்கா, அஞ்சு மார்க்கா?"

"எது?"

"அந்தப் பிள்ளையோட கேள்வி."

"மார்க் எதுவும் போடலையே."

"மார்க் இல்லாத கேள்விக்கு இங்க உக்கார எடமில்ல சார். பதினொண்ணுக்கு அனுப்பிட்டேன்."

அவர் என் சட்டையை ஒரு நொடி பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். வட்டங்கள் விலாவரை இறங்கியிருந்தன.

பதினொன்றாம் வகுப்புக்குக் கதவு இருந்தது. மேலே எழுதியும் இருந்தது. திறந்தால் உள்ளே பன்னிரண்டாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தப்பான கதவோ என்று மூடிவிட்டுத் திறந்தேன். பன்னிரண்டுதான்.

"பதினொண்ணு எங்கே?" என்று அங்கிருந்த ஆசிரியரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் நாங்க நடத்துறதில்ல சார். நேரமில்ல."

"ஒரு பொண்ணு வந்திருப்பாளே."

"வந்துச்சு. கண்ணாடி போட்ட பொண்ணு. இங்க இருக்குறது எல்லாம் நுழைவுத் தேர்வுக்கானதும்மா, உன் கேள்வியை மேல கொண்டு போன்னு சொன்னேன். நல்ல பிள்ள சார். சொன்னதும் கிளம்பிருச்சு."

எல்லோருமே அவளை நல்ல பிள்ளை என்றார்கள். சொன்னதும் கிளம்பிவிடுகிற பிள்ளை. அடம்பிடித்து எங்காவது உட்கார்ந்திருந்தால் நான் எப்போதோ பிடித்திருப்பேன்.

கல்லூரியில் ஆய்வகங்கள் பூட்டியிருந்தன. சாவி எங்கே என்று கேட்டேன். ஆய்வகத்துக்குள் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கும் மேலே ஆராய்ச்சித் தளம். அங்கே ஒருவர் ஈரச் சட்டையின் கையொன்றைக் கொடியில் தொங்கவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது.

"சார், ஈரத்துணி ஏன் கறுப்பாத் தெரியுது?"

"நான் பருத்தி மட்டும்தான்" என்றார்.

"பருத்திக்கே சொல்லுங்க."

"எடது கை மட்டும்தான்."

"எடது கைக்காவது சொல்லுங்க சார்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காலையில ஒரு அம்மா வந்து இதையேதான் கேட்டாங்க. இப்படிப் பொதுவான கேள்விகளை எல்லாம் மேல் வகுப்புக்கு விட்டிருக்கோம். மேல போங்க."

"இதுக்கு மேலயும் வகுப்பு இருக்கா?"

"இருக்கு. எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. வாத்தியார் வந்ததும் ஆரம்பிப்பாங்க."

ஒரு அம்மா என்று அவர் சொன்னது எனக்குத் தைத்தது. தாளை எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பைக்குள் போன் அடித்தது. அதையும் எடுக்கவில்லை.

கடைசிப் படிக்கட்டில் ஏறும்போது சொல்லிப் பழகிக்கொண்டேன். தெரியாது. எனக்குத் தெரியாதும்மா. தெரியலை, வா, கீழே போவோம். நன்றாகவே வந்தது. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஒருமுறை கொஞ்சம் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். உடனே காலடியில் படிகள் கீழ்நோக்கித் திரும்பப் பார்த்தன. அவசரமாக வாயை மூடிக்கொண்டேன். அவள் எதிரில்தான் சொல்ல வேண்டும்.

மேலே ஒரே ஓர் அறை. 'மேல் வகுப்பு' என்று எழுதியிருந்தது. அதன் கீழே, ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பெயின்ட் பழையது, பல வருடங்களுக்கு முன்பே எழுதிவிட்டார்கள் போல.

உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"வணக்கம், ஐயா."

அறை நிறைய ஆட்கள். பெஞ்சில் இடம் போதாமல் ஜன்னல் திண்டுகளிலும் இருந்தார்கள். நரைத்த தலைகள், வழுக்கைகள், கைத்தடி வைத்திருந்தவர்கள். எல்லோரும் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு ஏதோ ஒரு வகுப்பிலிருந்து கிளம்பியவர்கள் என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது. இதுவரை யாரும் நம்பிப் போனதில்லை என்று ரெஜினா மேடத்திடம் சொன்னேனே, அந்த நினைப்பில் காது சுட்டது. மேடமே கடைசி பெஞ்சில் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் நல்லசிவனும் இருந்தார். வெள்ளிக்கிழமை ஆகியிருந்தது.

"ஆரம்பிங்க சார்" என்றார் மேடம்.

மூன்றாவது பெஞ்சில் ஆவுடைச்செல்வி இருந்தார். இவர் எப்படி எனக்கு முன்னால் வந்தார் என்று நினைத்தேன். அப்புறம் நெற்றித் திருநீற்றைப் பார்த்தேன். கேட்க வாயெடுத்த அந்த முகத்தைப் பார்த்தேன். அது ஆவுடைச்செல்வி இல்லை. காதோரம் முடி வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஏழாம் வகுப்புப் பையை மடியில் வைத்திருந்தாள்.

அவள் கையைத் தூக்கினாள். நான் தலையசைத்தேன். எழுந்து நின்றாள். நாற்பது வயதுப் பெண்ணின் உடம்பிலிருந்து பன்னிரண்டு வயதுக் குரல் வந்தது.

"சார், தண்ணிக்கு நிறம் இல்லைல்லா. அப்பம் தண்ணி பட்ட துணி மட்டும் ஏன் சார் கறுப்பாத் தெரியுது?"

எல்லோரும் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். என் சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்து முழுக்கக் கறுப்பாகியிருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேலியாகப் பார்க்கவில்லை. பதிலே தன் எதிரில் வந்து நிற்பது போல ஆசையாகப் பார்த்தாள்.

சொல் நாக்கில் இருந்தது. இதைச் சொன்னால் அவள் இறங்கிவிடுவாள். ஒவ்வொரு வகுப்பாக வயது குறைந்து, கண்ணாடி கழன்று, சடை இரண்டாகி, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே பெரிய மனுஷி ஆவதற்கு இன்னும் நேரம் மிச்சமிருக்கும். கூடவே இந்த அறையே இறங்கிவிடும். எனக்குத் தெரியும். வாயையும் திறந்தேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பார்வையாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் நீங்க கீழ் வகுப்புலயே படிச்சிருப்பீங்களே" என்றேன்.

என் குரல் கணீரென்று இருந்தது. யாரோ சிரித்தார்கள். மேடம் நிம்மதியாகத் தலையாட்டினார். பேராசிரியர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ பெருமையாகச் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள்.

அவள் மட்டும் எழுதவில்லை. நின்றபடியே யோசித்தாள். ஏழாம் வகுப்பையும் அதற்கு முன்பிருந்த வகுப்புகளையும் ஒவ்வொன்றாக மனதில் தேடிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அப்புறம் அவள் முகம் சிவந்தது. என் முகத்தில் வந்திருக்க வேண்டிய சிவப்பு.

"ஆமா சார். நான்தான் அன்னைக்குச் சரியாக் கவனிக்கல போல" என்றாள். "மன்னிச்சிருங்க சார்."

"பரவாயில்லம்மா, உக்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள்.